விடுதி மேஜையில் சுவிசேஷம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கடலூர் முதுநகரைச் சேர்ந்தவள் நான். புதுச்சேரியில் முத்தியால்பேட்டைப் பக்கம் உள்ள ஓர் இளைஞர் விடுதியில் மாலை நேர ரிசப்ஷன் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பயணிகள் வருவார்கள். சனி, ஞாயிறுகளில் பெங்களூரு, சென்னைப் பிள்ளைகள். உரிமையாளர் கிறிஸ்தவர். நானும் விசுவாசி. சுனாமிக்குப் பிறகு அம்மா சபைக்குப் போகத் தொடங்கினார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு ஆண்டவர் வந்தார்.

"உலகமெங்கும் போய்ப் பிரசங்கிக்கச் சொன்னார், உனக்கோ உலகமே வாசலுக்கு வருகிறது" என்பார் எங்கள் போதகர். ஆகவே சாவி கொடுக்கும்போது கைப்பிரதியும் (சுவிசேஷத் துண்டுப் பிரசுரம்) சேர்த்துக் கொடுப்பேன். நேரம் கிடைத்தால் ஆண்டவர் என் வாழ்வில் செய்ததைச் சாட்சியாகச் சொல்வேன். சென்ற மாதம் பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் இரவு நெடுநேரம் பேசினேன். சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் தங்குவதாக இருந்தவள் மறுநாள் காலையிலேயே அறையைக் காலி செய்துவிட்டாள். 'இடம் சுத்தம், ஆனால் பிரசங்கம் செய்கிறார்கள்' என்று இணையத்தில் எழுதியும் விட்டாள். உரிமையாளர் திட்டவில்லை, முகம் மட்டும் மாறிவிட்டது.

நான் பேசாமல் இருந்தால் அது ஆண்டவரை மறுதலிப்பது ஆகாதா? இன்னொன்று, இப்போது தங்கியிருக்கும் இரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் எங்கள் சபை ஊழியத்தில் தாங்களும் பிரசங்கிக்கிறோம் என்கிறார்கள். சேர்த்துக்கொள்ளலாமா? நீங்கள் கிறிஸ்தவர் இல்லை என்று தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி
புதுச்சேரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

கிறிஸ்தவன் அல்லாதவனிடம் கேட்டது நல்லதுதான். கைப்பிரதி கொடுப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ஒன்று, வாங்குகிறவனின் பாடு வேறு. கடலூர் பஸ் நிலையத்தில், விழுப்புரம் ரயிலில், மருத்துவமனை வராந்தாவில் எத்தனையோ பேர் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சிலவற்றைப் படித்திருக்கிறேன். பலவற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறேன். கொடுத்தவர் மேல் கோபம் வந்ததில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்பதே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும். உங்கள் விடுதிக்கு இரவு பத்து மணிக்கு வந்து சேரும் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

பேசவே கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. என் வாசகர்களில் சிலர் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அவர்கள் கொஞ்சம் ஏமாறட்டும். உங்கள் விடுதியின் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். இந்த ஊரின் எல்லாப் பலகைகளையும் போலத்தான் அதுவும் இருக்கும்: தியான வகுப்பு, மூச்சுப்பயிற்சி, சக்கரங்களைத் திறந்துவிடும் பட்டறை, ஏதோ ஒரு குருவின் சத்சங்கம், நடுவில் ஸ்கூட்டர் வாடகை. சத்சங்கத்துக்கு அழைத்தால் பண்பாடு, ஜெபக் கூட்டத்துக்கு அழைத்தால் சதி என்று பேசுவதில் நேர்மை இல்லை. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமை தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துரைப்பதற்கானது, இன்னொருவரை மதம் மாற்றுவதற்கானது அல்ல என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லை வகுத்தது. எடுத்துரைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்த இடத்தில், எந்த நேரத்தில், சாவி யார் கையில் இருக்கும்போது என்பதைச் சட்டம் சொல்லித் தராது.

அந்த இரவை அவள் பக்கமிருந்து பாருங்கள். சென்னையிலிருந்து பஸ் ஏறி, முதுகில் மூட்டையோடு வந்து சேர்கிறாள். பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுக்கிறீர்கள். வெளிநாட்டவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரப் படிவத்தை அதிகாரிகளுக்குப் பதிவேற்ற வேண்டும் என்பதால் விசா எண், எங்கிருந்து வந்தாள், அடுத்து எங்கே போகிறாள் எல்லாம் கேட்கிறீர்கள். முன்பணம் உங்களிடம் இருக்கிறது. எந்த அறையில் எந்தக் கட்டிலில் அவள் படுப்பாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த ஒருவர் அதே மேஜையிலிருந்து, 'நீ இரட்சிக்கப்பட்டாயா' என்று பேச்சைத் தொடங்கினால் அவள் என்ன செய்வாள்? சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நீங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். இரவு பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், சொந்த ஊர் எது, கல்யாணம் ஆகிவிட்டதா என்று அடுக்கிக்கொண்டே போகும்போது நீங்களும் அப்படித்தான் சிரித்திருப்பீர்கள், அடுத்த முறை வேறு இருக்கை கேட்டிருப்பீர்கள்.

உங்கள் வேதத்திலேயே வழிப்போக்கர்களிடம் பேசிய கதைகள் உண்டு. அப்போஸ்தலர் நடபடிகளில் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு கூடவே ஓடிப்போய், வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறான். ஏறி உட்காரச் சொல்லி அழைப்பவர் மந்திரி. ரதம் அவருடையது, புத்தகமும் அவருடையது. வேண்டாம் என்றால் குதிரையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். எம்மாவு என்ற ஊருக்கு நடந்துபோன இரண்டு சீடர்களின் கதையும் அப்படித்தான். உயிர்த்தெழுந்த இயேசு முதலில், என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார், அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நடக்கிறார். ஊர் வந்ததும் தாண்டிப் போகிறவர்போலக் காட்டிக்கொள்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று அவர்கள்தான் வருந்தி அழைக்கிறார்கள். இரண்டு கதைகளிலும் இடம் கேட்பவருடையது, சொல்பவர் அங்கே விருந்தாளி. உங்கள் விடுதியில் இது தலைகீழாக இருக்கிறது. போதகரின் 'உலகமே வாசலுக்கு வருகிறது' நல்ல வாக்கியம்தான். ஆனால் வாசல் உங்களுடையது என்பதை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இந்த ஊர்க்காரனாக எனக்கு இதில் கொஞ்சம் கூடுதலாகவே பதற்றம் உண்டு. அதிகாரமும் மதமும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையைச் சாக்காக வைத்து வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும், சேசு சபைப் பாதிரிமாரும் துய்ப்ளேயின் மனைவியும் அதற்கு எவ்வளவு நாள் காத்திருந்தார்கள் என்பதும் அந்த நாட்குறிப்பில் இருக்கின்றன. இதற்கு நீங்கள் பொறுப்பல்ல. முதுநகரின் ஒரு சிறிய சபைக்கும் பிரெஞ்சு கவர்னருக்கும் என்ன சம்பந்தம்? அதே நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுப் பக்கங்களில் இன்னொன்றும் இருக்கிறது. மாதா கோயிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் கிறிஸ்தவர்களையும் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, எங்களை ஏன் தள்ளி வைக்கிறீர்கள் என்று பறையர்கள் பாதிரியாரிடம் நேரே போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. மிஷன் வீதிக்கு வரும் பயணிகள் சம்பா கோயிலின் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்தக் கதையை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

சுனாமியை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நம் கடற்கரையில் எத்தனையோ சபைகளும் மடங்களும் கட்சிகளும் வந்து இறங்கின. சோறு போட்டவர்கள் மிகப் பலர். சோற்றோடு ஜெபத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்ற புகாரும் அப்போது எழுந்தது. உங்கள் அம்மா சபைக்குப் போனது எதற்காக என்று எனக்குத் தெரியாது. யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அரிசி மூட்டையைக் காட்டி அழைத்திருந்தால் அந்த விசுவாசம் இத்தனை வருடம் நிலைத்திருக்காது.

இனி அந்தப் பெல்ஜியப் பெண். இயேசுவைக் கேள்விப்படாத ஒருத்தியிடம் முதல்முறையாகச் சொல்கிறோம் என்று நினைத்திருப்பீர்கள். ஐரோப்பாவிலிருந்து இங்கே வரும் பலர் அதைக் கேட்டு வளர்ந்து, வேண்டாம் என்று விட்டு வந்தவர்கள். பாட்டியோடு கோயிலுக்குப் போயிருப்பார்கள், கத்தோலிக்கப் பள்ளியில் படித்திருப்பார்கள், ஏதோ ஒரு காரணத்துக்காகக் கதவைச் சாத்தியிருப்பார்கள். சிலருக்கு அந்தக் காரணம் பெரிய காயம். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்கினால் அவர்களுக்கு எரிச்சல்தான் வரும். நம்மவர்கள் விஷயம் வேறு. பெங்களூரிலிருந்து வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் கடற்கரைக்கும் மலிவான பீருக்கும் வருகிறார்கள். அவர்களிடம் கைப்பிரதி கொடுத்தால் அடுத்த நிமிடம் அது படமாகி எங்கே போய் நிற்கும் என்பதை இந்தக் காலத்தில் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேட்பதிலிருந்து தொடங்கலாம் என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் நடுநிலையாளர் ஒன்றும் அல்ல, மதம் மாற்றத்தான் வந்தார். ஆனாலும் 1712 தொடங்கி அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் தெய்வம் எது, எங்கள் மதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. தமிழர்கள் தயங்காமல் பதில் எழுதினார்கள். மாட்டிறைச்சி தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தம் இல்லை, உங்கள் நடத்தையைப் பார்த்தால் உங்கள் வேதத்தை எப்படி நம்புவது என்றெல்லாம் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்கள். அந்த 99 கடிதங்களையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். தங்களுக்கு விழுந்த திட்டையும் சேர்த்து! இந்தப் பகுதியில் நானும் வாசகர் கடிதங்களை வெளியிடுகிறேன் என்பதால் அந்தத் துணிவின் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். மேஜையில் வேலை நேரத்தில் மதப் பேச்சு இல்லை. சாவியோடு கைப்பிரதி இல்லை. பொது அறையில் ஒரு அலமாரித் தட்டில் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ், இந்தி என்று புதிய ஏற்பாட்டுப் பிரதிகள் இருக்கட்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அறிவிப்புப் பலகையில் உங்கள் சபையின் ஆராதனை நேரத்தை எழுதுங்கள். கூடவே ரயில் நிலையம் பக்கத்து இருதய ஆண்டவர் கோயில், துய்மா வீதியின் சம்மனசுகளின் மாதா கோயில் நேரங்களையும் போடுங்கள். (கத்தோலிக்கக் கோயிலை உங்கள் போதகர் ஒப்புக்கொள்வாரா என்பது உங்கள் வீட்டுச் சண்டை, நான் அதற்குள் வரவில்லை.) வாரத்தில் ஒரு மாலை, உரிமையாளர் சம்மதித்தால், மொட்டை மாடியில் தேநீரோடு உட்காருங்கள். 'விசுவாசத்தைப் பற்றிப் பேசுவோம், கிறிஸ்தவர்கள் நடத்துவது' என்று பலகையில் ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். கலாசார மாலை, இலவச விருந்து என்றெல்லாம் பெயர் சூட்டி அழைத்துவிட்டு நடுவில் ஜெபம் தொடங்காதீர்கள். ஆம்ஸ்டர்டாமில் ஷெல்டர் என்ற பெயரில் கிறிஸ்தவ இளைஞர் விடுதிகள் பல பத்தாண்டுகள் நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. கிறிஸ்தவ விடுதி என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். வேதத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு வருவதும் வராததும் தங்குபவர் விருப்பம். தெரிந்தே அங்கே வருகிறவர்களுக்குப் புகார் சொல்ல என்ன இருக்கிறது?

யாராவது மாடியேறி வந்து, நீ ஏன் நம்புகிறாய் என்று கேட்டால், கைப்பிரதியில் உள்ள படிகளை ஒப்பிக்காதீர்கள். உங்கள் அம்மாவின் கதையைச் சொல்லுங்கள். முதுநகரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நடந்தது, யார் வீட்டுக்கு வந்தார்கள், அம்மா முதல்முறை சபையில் உட்கார்ந்தபோது அக்கம்பக்கத்தார் என்ன பேசினார்கள் என்று சொல்லுங்கள். அதில் சந்தேகம் வந்த நாட்கள் இருந்தால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் கதையை ஐரோப்பாவில் எந்தப் பாதிரியாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. நானும் கேட்பேன், மதம் மாற மாட்டேன் என்றாலும்.

மறுதலிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பேதுரு மறுதலித்தது எப்போது? முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தவனிடம் வேலைக்காரப் பெண், நீயும் அவனோடு இருந்தவன்தானே என்று நேருக்கு நேர் கேட்டாள். அவன் இல்லை என்றான். உங்களிடம் யாரும் கேட்கவில்லையே. கேட்டால் ஆம் என்று சொல்லிவிடப் போகிறீர்கள், அதில் உங்களுக்குப் பயம் இருப்பதாகவும் தெரியவில்லை. கேட்காதவரிடம் சொல்லாமல் இருந்தது எந்தக் கணக்கில் மறுதலிப்பு ஆகும்? போதகர் இதற்கு வேறு வசனம் வைத்திருப்பார். நான் கிறிஸ்தவன் அல்ல, வசனத்துக்கு வசனம் அவரோடு போட்டி போடுவதாக இல்லை.

அந்தப் பெண் எழுதிய விமர்சனத்துக்கு உரிமையாளர் இரண்டு வரி பதில் எழுதட்டும். நீங்கள் தேடிப்பிடித்து எழுத வேண்டாம். பதிவேட்டில் இருக்கும் அவள் மின்னஞ்சல் முகவரி அதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல.

அந்த இரண்டு இளைஞர்கள் விஷயத்தில் மட்டும் தயக்கமே வேண்டாம். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் இங்கே பிரசங்கம் செய்யக் கூடாது. ஊழியத்துக்கென்று தனியாக மிஷனரி விசா இருக்கிறது. உங்கள் ஆராதனைக்கு வந்து உட்காருவதில் தவறில்லை, மேடையேறிப் பேசுவதும் கைப்பிரதி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவதும் விசா நிபந்தனையை மீறுவது. யாராவது புகார் கொடுத்தால் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்படலாம், மறுபடி வர முடியாமலும் போகலாம். அவர்களுக்காக நீங்கள் பதிவேற்றிய படிவத்தில் இருப்பது உங்கள் விடுதியின் பெயர், விசாரணை முதலில் உங்கள் மேஜைக்குத்தான் வரும். நல்ல பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள், சட்டம் தெரிந்திருக்காது. இன்றைக்கே சொல்லிவிடுங்கள். போதகரிடமும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெயரை அறிவிப்பதற்கு முன்னால்.

அன்புடன்.