கட்டெறும்பு மரத்தை அரிக்குமா?

நாற்பது பக்கத் தோட்டப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி பூச்சிமருந்து பற்றித்தான் இருக்கும். இந்த முறை எறும்பு பற்றி மூன்று நல்ல கேள்விகள் வந்திருக்கின்றன. கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: எங்களுடையது தாத்தா காலத்து வீடு. தேக்கு நிலை, தேக்குத் தூண். முற்றத்துத் தூணில் சில வாரமாகக் கட்டெறும்பு சாரைசாரையாக ஏறுகிறது. மகன் செல்போனில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது கார்பென்டர் ஆன்ட், மரத்தைக் குடைந்துவிடும்" என்கிறான். மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: கூப்பிட வேண்டாம் அம்மா. தம்பி பெயரைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் அந்தப் பெயரோடு வரும் குற்றச்சாட்டு வேறு ஊர் எறும்புகளுக்கானது.

கார்பென்டர் ஆன்ட், அதாவது தச்சன் எறும்பு என்பது கேம்போனோட்டஸ் என்ற பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுதி) பொதுப்பெயர். அந்தப் பேரினத்தை 1861இல் வகுத்தவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த குஸ்தாவ் மாயர். உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் அடங்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள சில இனங்கள் மரத்துக்குள் அறை குடைந்து குடியிருக்கின்றன. அவற்றைப் பார்த்து வைத்த பெயர்தான் பேரினம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது.

உங்கள் தூணில் ஏறுவது, வர்ணனையை வைத்துப் பார்த்தால், கேம்போனோட்டஸ் கம்ப்ரெஸஸ். இது மண்ணில் வளை தோண்டி வாழ்வது. வேம்பு, புளி போன்ற மரங்களின் அடியில், வேரை ஒட்டிப் பொடிமண் குவிந்து ஒரு துளை தெரியுமே, அதுதான் வாசல். இந்தியாவின் சமவெளி எங்கும் இருக்கிறது. இலங்கை, வங்கதேசம், நேபாளம் வரை பரவியிருக்கிறது. இந்தியாவில் இந்தப் பேரினத்தில் மட்டும் எண்பதை ஒட்டி இனங்கள் உண்டு. வயிற்றில் பொன்னிற ரோமம் மினுங்கும் கேம்போனோட்டஸ் செரிசியஸை வெயில் நேரத்தில் பார்த்திருப்பீர்கள். அது ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. கம்ப்ரெஸஸ் நம் பக்கத்துக்காரர்.

1787இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஃபேப்ரிசியஸ், உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸிடம் பாடம் கேட்ட டென்மார்க்காரர். அவர் கைக்குப் போன இந்தியப் பூச்சிகளில் ஏராளமானவை, அன்று டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியில் பிடித்தவை. அந்தக் காலத்தில் பெரும்பாலான எறும்புகளை ஃபார்மிகா என்ற ஒரே பேரினத்தில்தான் போடுவார்கள். இவரும் அப்படியே ஃபார்மிகா கம்ப்ரெஸா என்று எழுதினார். பின்னால் பேரினம் மாறியது. அதனால்தான் இன்றும் புத்தகங்களில் இதன் பெயருக்குப் பக்கத்தில் ஃபேப்ரிசியஸின் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள்.

தம்பியிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். மார்பின் மேல்விளிம்பு மேடுபள்ளம் இல்லாமல் ஒரே வளைவாக இறங்கும். இடுப்பில் ஒரே ஒரு கணு. வால் நுனியில் கொடுக்கு இருக்காது. மயிர் சூழ்ந்த சின்ன வட்டத் துளை மட்டும் இருக்கும். கட்டெறும்பு கடித்ததும் உடலை வளைத்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுவது அந்தத் துளை வழியாகத்தான், அதனால்தான் அந்த எரிச்சல். ஒரே புற்றில் சின்ன வேலைக்காரியும் இருக்கும், தலை பெருத்து அரை அங்குலத்தைத் தாண்டிய பெரிய வேலைக்காரியும் இருக்கும். இரண்டு இனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

சரி, தூணில் என்ன வேலை? ஏறும் எறும்பின் வயிற்றையும் இறங்கும் எறும்பின் வயிற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இறங்குவதன் வயிறு உப்பி, கருப்புத் தகடுகளுக்கு இடையே வெளிறிய சவ்வு கோடு கோடாகத் தெரிந்தால், மேலே எங்கோ இனிப்புக் குடித்துவிட்டு வருகிறது என்று அர்த்தம். ஓட்டு மேல் அவரைக் கொடி படர்ந்திருக்கிறதா? அசுவினியோ மாவுப்பூச்சியோ அதில் இருந்தால், அவை கழிக்கும் தேன்போன்ற நீருக்காகவே இந்தப் போக்குவரத்து. உங்கள் தூண் வெறும் பாதை. கொடியில் அசுவினி பிடித்த நுனிகளைக் கிள்ளிப் போட்டால் சாரை தானாகக் குறையும்.

மண்ணால் ஆன குழாய்கள் சுவரிலோ தூணிலோ ஏறியிருந்தால் மட்டும் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அது கறையான், அது உண்மையிலேயே மரத்தைத் தின்னும்.

கேள்வி: நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருக்கிறேன். சமையலறை ஜன்னலுக்குக் கீழே மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது, நம் ஊர்க் கட்டெறும்பு போலவே பெரிய கருப்பு எறும்பு இரவில் வருகிறது. இங்கேயும் அதேதானா? (வாசகர்)

பதில்: அதே பேரினம், வேறு இனம். கேம்போனோட்டஸ் பென்சில்வேனிகஸ், 1773இல் ஸ்வீடன் பூச்சியியலாளர் டி கியர் பெயரிட்டது; வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மிகச் சாதாரணம். இதை அலட்சியம் செய்யாதீர்கள். மரத்தைத் தின்பதில்லை, குடைந்த தூளை வெளியே தள்ளுகிறது. அந்தத் தூளில் பூச்சிகளின் கால், இறகுத் துண்டு கலந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். ஈரத்தில் ஊறிய மரத்தில்தான் இது பெரும்பாலும் தொடங்கும். எனவே முதலில் ஜன்னல் ஓரத்தில் மழைநீர் எங்கே இறங்குகிறது, குழாய் எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிவை நிறுத்தாமல் மருந்து மட்டும் அடித்தால் மறுபடி வரும்.

கேள்வி: தோட்டத்தில் சிறுநீர் கழித்த இடத்தில் கட்டெறும்பு மொய்க்கிறது. சர்க்கரை நோய் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். (வாசகர், மணப்பாறை)

பதில்: சர்க்கரை கலந்த சிறுநீருக்கு எறும்பு வரும் என்பது நம் முன்னோர் கவனித்த உண்மை. ஆனால் கட்டெறும்பு வந்ததை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் இந்தப் பேரினத்துக்கு எல்லோருடைய சிறுநீரிலும் உள்ள யூரியா மேலும் ஆசை உண்டு. ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் கேம்போனோட்டஸ் டெரிப்ரன்ஸ் என்ற இனத்துக்குச் சர்க்கரைக் கரைசலையும் யூரியாக் கரைசலையும் வைத்துப் பார்த்தார்கள். யூரியா எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கூட்டம் அங்கே சேர்ந்தது.

காரணம் அவற்றின் வயிற்றுக்குள் இருக்கிறது. கேம்போனோட்டஸ் எறும்புகளின் குடல் சுவர்ச் செல்களில் பிளாக்மேனியா என்ற பாக்டீரியா பரம்பரையாகக் குடியிருக்கிறது. யூரியாவில் உள்ள நைட்ரஜனை எடுத்து, எறும்புக்குத் தேவையான அமினோ அமிலங்களாக மாற்றித் தருகிறது. இனிப்பு நீரில் புரதம் மிகக் குறைவு. அதைக் குடித்தே காலம் தள்ளும் எறும்புக்கு இந்தத் துணை எவ்வளவு பெரிய பலம், யோசித்துப் பாருங்கள். இந்தப் பேரினம் சைபீரியக் காட்டிலிருந்து நம் தோட்டம் வரை பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பயத்தோடு இருக்க வேண்டாம். ஆனால் சோதனையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.