மாஸ்டா எம்எக்ஸ்-5 1.6 காரில் டர்போ பொருத்தப் போகிறேன். எல்எஸ்டி போட்டால் டிஃபரன்ஷியல் தாங்குமா?

தாங்காது. டிஃபரன்ஷியல் என்பது எஞ்சினின் விசையை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி; எல்எஸ்டி என்பது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் அதன் ஒரு வகை. அந்த எல்எஸ்டியைப் பொருத்தினால் போதும் என்று இங்கே ஏற்கெனவே ஒருவர் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்களிடம் இருப்பது 1991ஆம் ஆண்டு மாடல், 1.6 லிட்டர் எஞ்சின்; அதிலிருந்து 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை எடுக்கத் திட்டமிட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எம்ஓடி என்ற பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனையைக் குறிப்பிட்டிருப்பதால் பிரிட்டனில் வசிக்கிறீர்கள் என்றும், அன்றாடம் சாலையில் ஓட்டும் காரையே எப்போதாவது பந்தயத் தடத்துக்கும் எடுத்துச் செல்வீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். முழு ரேஸ் கார் கட்டுபவர்களின் தேவை வேறு. அவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

எல்எஸ்டி செய்யும் வேலை, வரும் விசையை இடது வலது சக்கரங்களுக்கிடையே பங்கிடுவது மட்டுமே. உங்கள் காரில் உடையக்கூடிய இடமோ அதற்கு முன்னாலேயே இருக்கிறது: கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை வாங்கும் சிறிய பற்சக்கரமான பினியனும், அது சுற்றும் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலும் பல்லோடு பல் சேரும் இடம். சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் வழுக்கிவிட்டால் கூடுதல் விசை அதன் வழியே வீணாகிப் போய்விடும். ஒரு வகையில் அது வீட்டு மின்சாரப் பெட்டியில் இருக்கும் ஃபியூஸின் வேலையைச் செய்கிறது. எல்எஸ்டி வந்ததும் இரண்டு டயர்களும் தரையைப் பிடித்துக்கொள்ள, முழுச் சுமையும் அந்தப் பற்களின் மேல் இறங்குகிறது. எல்எஸ்டி நல்லதுதான், என் காரிலும் இருக்கிறது. ஆனால் அதை வலுப்படுத்தும் வேலை என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். உங்கள் எஞ்சின் இப்போது தருவது ஏறத்தாழ 136 நியூட்டன் மீட்டர். முதல் கியரின் விகிதம் 3.136, ஆகவே பினியனுக்கு வருவது சுமார் 426, அதை டிஃபரன்ஷியலின் விகிதமான 4.3 ஆல் பெருக்கினால் கிரவுன் வீலில் சுமார் 1,830. டர்போவுக்குப் பிறகு இதே முதல் கியரில் அது 3,370 ஆகிவிடும். இரண்டாம் கியரின் விகிதம் 1.888 என்பதால், டர்போ காரின் இரண்டாம் கியர்கூடப் பழைய எஞ்சினின் முதல் கியரைவிடச் சற்று அதிகமாகவே அழுத்தும். இருந்தாலும் 3,370 என்ற அந்த எண் அப்படியே பற்களுக்கு வந்து சேர்வதில்லை. ஒரு டன் எடையுள்ள இந்தக் காரின் பின் டயர்கள், சாதாரண ரப்பராக இருந்தால், 1,600 நியூட்டன் மீட்டர் அளவிலேயே பிடி விட்டுச் சுழலத் தொடங்கிவிடும். அப்படியானால் எப்போது உடைகிறது என்றால், சுழன்றுகொண்டிருக்கும் டயர் திடீரெனத் தரையைப் பிடிக்கும் நொடியிலும், அதிக வேகத்தில் எஞ்சினை ஏற்றி வைத்துக்கொண்டு கிளட்சை ஒரேயடியாக விடும்போது ஃபிளைவீலில் சேர்ந்திருந்த ஆற்றல் ஒரே அடியாக இறங்கும்போதும்தான். குதிரைத்திறன் எண்ணை மட்டும் வைத்து டிஃபரன்ஷியலை மதிப்பிடுபவர்கள், நீங்கள் எந்த டயர் போடுகிறீர்கள் என்று கேட்பதே இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1.6 காரில் இருப்பது 6 அங்குலக் கிரவுன் வீல். மாஸ்டாவே 1.8 எஞ்சினைக் கொண்டுவந்தபோது இதை 7 அங்குலமாக மாற்றிவிட்டது. ஜப்பானில் 1993இல், மற்ற நாடுகளில் 1994 மாடலிலிருந்து. ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஒரே வடிவமுள்ள பற்சக்கரங்களின் தாங்குதிறன் ஏறக்குறைய விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், காகிதத்தில் அது ஒன்றரை மடங்குக்கும் மேலான வித்தியாசம். பேரிங்குகளும் ஹவுசிங்கும் அதற்கேற்பப் பெரியவை. ஆகவே 6 அங்குலப் பெட்டிக்குள் பணத்தைக் கொட்டாதீர்கள், 1.8 காரின் டிஃபரன்ஷியலை, அதன் இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டுகளோடும் புரொப்பல்லர் ஷாஃப்டோடும் சேர்த்து வாங்குங்கள், ஏனென்றால் உங்களுடையவை அதில் பொருந்தாது. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் அலுமினியச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். டார்சன் (பற்சக்கரங்களாலேயே இயங்கும் எல்எஸ்டி) உள்ளதாகக் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஷாட் பீனிங் (சிறிய உலோகக் குண்டுகளால் பல்லின் மேற்பரப்பை அடித்து இறுக்குவது), உறைகுளிர் சிகிச்சை, பற்களை மெருகேற்றுதல் என்றெல்லாம் விளம்பரங்கள் வரும். ஷாட் பீனிங் பல்லின் அடியில் விரிசல் தொடங்குவதைத் தள்ளிப்போடும் என்பது உண்மை. ஆனால் சுமை ஏறும்போது பினியன் கிரவுன் வீலை விலக்கித் தள்ளப் பார்க்கிறது. ஹவுசிங்கும் பேரிங்கும் இடம் கொடுத்தால் எவ்வளவு கடினமான பல்லாக இருந்தாலும் அதன் ஓரத்தில்தான் சுமை விழும். ஓரத்தில் சுமை விழுந்த பல் உடையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், இங்கிலாந்துக்கு வருவதற்கு முன் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் கிரவுன் பினியன் செட்டிங் செய்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் எம்எக்ஸ்-5க்கு, விபத்தில் சிக்கிய ஒரு 1.8 காரிலிருந்து 4.1 விகிதமுள்ள 7 அங்குல டார்சன் பெட்டியை வாங்கினேன், அதற்குள் 3.909 விகிதமுள்ள கிரவுன் பினியன் ஜோடியை மாற்றிப் போட விரும்பினேன். அப்போது வாடகை வீடு, கராஜ் கிடையாது, பேரிங்கைக் கழற்ற பிரஸ்ஸும் இல்லை. அதனால் ஸ்போர்ட்ஸ் கார்களில் தேர்ந்தவர்கள் என்று பெயர் வாங்கிய ஒரு பட்டறையில் கொடுத்தேன். பொருத்தி எடுத்துவந்த அன்றே, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் கேட்டது. திரும்பப் போய்ச் சொன்னபோது, வலுவான கியர்கள் சத்தம் போடத்தான் செய்யும் என்றார்கள். செட்டிங் சரியில்லை என்று நான் சொன்னதற்கு, நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்கள். லாரி என்றதும் அவர்கள் முகத்தில் தெரிந்த புன்னகை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நண்பரின் கராஜில் வைத்துத் திறந்தேன். கிரவுன் வீலின் சில பற்களில் பிரஷ்யன் புளூ என்ற நீல மையைத் தடவி, கையால் கொஞ்சம் தடை கொடுத்துச் சுற்றிப் பார்த்தபோது, பல்லின் நடுவில் அகலமாக விழ வேண்டிய தடம், பல்லின் மேல் விளிம்பில் மெல்லிய கோடாக மட்டுமே விழுந்தது. பினியன் எட்ட நிற்கிறது என்று அதற்குப் பொருள். பினியன் தலைக்குப் பின்னால் இருந்த ஷிம்மை, அதாவது அதன் ஆழத்தைத் தீர்மானிக்கும் மெல்லிய வளையத் தகட்டை, எடுத்து அளந்தால், பழைய 4.1 ஜோடியோடு வந்த அதே ஷிம். ஒவ்வொரு ஜோடிக்கும் பினியனின் ஆழம் தனி. கிரவுன் வீலும் பினியனும் தொழிற்சாலையிலேயே சேர்த்து உரசப்பட்டு, ஜோடியாகவே விற்கப்படுகின்றன. புது செட்டுக்குப் பழைய ஷிம்மைப் போட்டால் எங்கள் மேஸ்திரி ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு டீ வாங்கி வரச் சொல்லிவிடுவார்.

தடிமன் கூடிய ஷிம் போட்டு, தடம் நடுவுக்கு வரும்வரை கழற்றி மாட்டினேன். பேக்லாஷை (பற்களுக்கிடையே விடும் இடைவெளியை) டயல் கேஜ் வைத்துக் கிரவுன் வீலின் பல இடங்களில் அளந்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் நிறுத்தினேன். பினியனின் பேரிங்குகளுக்கிடையே நசுங்கி இறுக்கம் தரும் ஸ்லீவைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதனிடத்தில் நசுங்காத உருக்கு ஸ்பேசரைப் போட்டேன். என்னைக் கேட்டால், காசுக்கு ஏற்ற உண்மையான வலுப்படுத்தல் இது ஒன்றுதான்: பெரிய அதிர்ச்சி வரும்போது ஸ்லீவ் இன்னும் சற்று நசுங்கினால் பேரிங்கின் முன்னிறுக்கம் போய்விடும், பினியன் ஆடத் தொடங்கிவிடும், ஸ்பேசரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதன் பிறகு ஊளை நின்றது, டர்போவோடு இன்றுவரை அதே பெட்டிதான் ஓடுகிறது. அந்தப் பட்டறை கூலியைத் திருப்பித் தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெல்டிங் வைத்து டிஃபரன்ஷியலைப் பூட்டி ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்று யாராவது எழுதக்கூடும். டிரிஃப்ட் செய்பவர்களுக்கு அது சரி. ஈரமான ரவுண்டானாவில் திரும்பும்போது உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டிவந்தால் டயர் இழுபடும், ஆக்ஸில் ஷாஃப்ட் முறுக்கேறும். சாலைக் காருக்கு அது வேண்டாம். அமெரிக்காவில் இதே காரில் வி8 எஞ்சினை இறக்குபவர்கள் ஃபோர்டின் 8.8 அங்குலப் பெட்டியைப் பொருத்துகிறார்கள். அதற்கு அந்த அலுமினியச் சட்டத்தையே எடுத்துவிட்டு எல்லாத் தாங்கிகளையும் புதிதாகச் செய்ய வேண்டும். 250 நியூட்டன் மீட்டருக்கு அது தேவையே இல்லை.

எண்ணெய், ஜிஎல்-5 தரமுள்ள 75டபிள்யூ-90. டார்சனுக்கு உராய்வு மாற்றி எதுவும் சேர்க்க வேண்டாம். அது தகடு வைத்த எல்எஸ்டிகளுக்கு உரியது. புது ஜோடி போட்டால் முதல் சில நூறு மைல்கள் மென்மையாக ஓட்டிவிட்டு எண்ணெயை மாற்றுங்கள்.

விகிதத்தைப் பொறுத்தவரை, டர்போ காருக்கு என் தேர்வு 3.909. அதன் பினியனில் 11 பற்கள், 4.1இலும் 4.3இலும் 10, அதே அளவுக் கிரவுன் வீலோடு சேரும் பினியன் சற்றுப் பருமனாக இருப்பது நமக்கு லாபம். டர்போ காரில் குறுகிய கியர் தேவைப்படுவதுமில்லை. ஆனால் உங்கள் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது, 4.3இலிருந்து 3.909க்குப் போனால் உண்மை வேகம் இப்போது காட்டுவதைவிடப் பத்து சதவீதம் கூடிவிடும். கேமராவில் சிக்குவதற்கு முன், கியர்பாக்ஸில் அந்தக் கேபிளைச் சுற்றும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் மாற்றிவிடுங்கள்.