ஈசிசேரில் பித்தளைத் தகடு அடிக்கலாமா?

கேள்வி: வங்கியில் ஓய்வு பெற்றேன். கிளையில் எல்லாரும் சேர்ந்து, காரைக்குடி பழைய சாமான் கடையில் வாங்கிய ஈசிசேர் ஒன்றைப் பரிசளித்தார்கள். தலைமாட்டில் பூவேலை, கால் நீட்ட நீளக் கைகள், பிரம்புப் பின்னல். 150 வருஷம் பழசாம். பின்னல் தொய்ந்திருக்கிறது. பெயர் பொறித்த பித்தளைத் தகடும் தந்தார்கள்; தலைமாட்டில் அடிக்கலாமா? மெலமைன் பாலிஷ் போட்டுப் புதுசாக்கிவிடலாம் என்கிறான் மகன்.

பதில்: மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மெலமைன் போடுவதற்கு முன் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். பூவிதழின் கூர்முனை அதிலேயே மழுங்கிவிடும். கைபட்டுக் கைபட்டு ஏறிய மினுமினுப்பும் போய்விடும். அப்புறம் எந்த ஆசாரி வந்தாலும் அது திரும்பாது. அந்தக் காலத்து நாற்காலிகளுக்குப் பெரும்பாலும் ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துத்தான் பூசினார்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான். அதன்மேல் மெல்லிசாக இன்னொரு பூச்சு அரக்கே போதும்.

பிரம்புக்குச் செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. நாற்காலியைக் கவிழ்த்து, ஈரத்துணியால் பின்னலை அடிப்பக்கமாக நன்றாக நனையுங்கள். மேல்பக்கத்துப் பளபளப்பான தோல் தண்ணீர் குடிக்காது. நிழலில் ஓர் இரவு காயவிட்டால் பின்னல் சுருங்கி இறுகும். இழை அறுந்திருந்தால் இது பலிக்காது, மறுபின்னல்தான். சட்டத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தால் கைப்பின்னல். துளைக்குப் பதில் காடி (நீளப் பள்ளம்) வெட்டியிருந்தால் ஆயத்தப் பின்னலை அழுத்தி ஒட்டியது. பின்னுகிறவர் பிளாஸ்டிக் வயரைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கவிழ்த்த கையோடு உளுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மரம் தேக்காக இருந்தால், அதன் வைரத்தில் (முற்றிய உள்மரத்தில்) வண்டு எளிதில் ஏறாது. ஓரத்து வெளிறிய மரத்தில்தான் ஏறும். துளை தெரிந்தால் அடியில் கறுப்புத்தாள் விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதிதாக மாவு கொட்டினால் வண்டு உயிரோடு இருக்கிறது.

150 வருஷக் கணக்கை நான் அப்படியே நம்பமாட்டேன். கடைக்காரர் வாயில் எல்லாமே 150 வருஷம்தான். ஆனால் 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளை நாமாக வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது. பிள்ளைகள் யாராவது அங்கே இருந்தால் இப்போதே சொல்லிவையுங்கள்.

தகட்டைத் தலைமாட்டில் அடிக்க வேண்டாம். பின்புறக் கீழ்ச்சட்டத்தின் உள்பக்கம், இரண்டு சின்னப் பித்தளைத் திருகாணியில் நிற்கும். இரும்பாணி ஈரம் பட்டால் மரத்தைக் கறுக்கடிக்கும். சக ஊழியர்கள் வீட்டுக்கு வந்து கேட்டால் கவிழ்த்துக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும்: அந்த நீளக் கைகள் காலைத் தாங்கத்தான். பேரன் ஏறி உட்கார்ந்தால் கையைப் பிடித்திருக்கும் மரமுளை முறியும்.