சிறிய மீன்பிடிப் படகில் தண்ணீரிலிருந்து திரும்ப ஏற எந்த ஏணி நல்லது?

18 அடி ஃபைபர் படகு, பின்னால் ஒரு அவுட்போர்டு எஞ்சின், பெரும்பாலும் இருவர், சில நாள் தனியாக என்று எழுதியிருக்கிறீர்கள். நூலேணி ஒன்றைச் சுருட்டிப் போட்டுக்கொண்டால் போதுமா, மடக்கு ஏணியே பொருத்த வேண்டுமா என்பது கேள்வி. என் பதில்: பின்பக்கத்தில் நிரந்தரமாகப் பொருத்திய மடக்கு ஏணி. அது தண்ணீருக்குள் மூன்று படியாவது இறங்க வேண்டும். தனியாகப் போகும் நாளும் உண்டு என்கிறீர்கள், அதனால் இதில் மறுபேச்சே இல்லை.

ஏணி வாங்குகிற எல்லோரும் அதைப் படகுக்குள் நின்றுதான் பார்க்கிறார்கள். பளபளப்பு, எடை, மடக்கினால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதெல்லாம் அங்கிருந்து தெரியும். ஏறப் போகிறவர் நிற்கும் இடம் வேறு. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு தாடை வரை தண்ணீரில் மிதக்கும் சராசரி உயரமுள்ள ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய இடுப்பு நீர்மட்டத்துக்குக் கீழே சுமார் 65 செ.மீ. ஆழத்தில் இருக்கும், முழங்கால் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்தில். ஏணியின் கடைசிப் படி 30 செ.மீ. மட்டுமே மூழ்கியிருந்தால், அவர் பாதத்தை நெஞ்சுக்குப் பக்கத்தில் தூக்கி வைத்தாக வேண்டும். முன்னால் லைஃப் ஜாக்கெட் புடைத்துக்கொண்டு நிற்கும், முழங்கால் படகில் இடிக்கும், இடுப்பு பின்னால் மிதந்து போகும். உடற்பயிற்சி செய்கிறவர்களே திணறும் இடம் இது.

அதனால் முதலில் அளக்க வேண்டியது ஆழம். அமெரிக்காவில் படகுகளுக்குத் தரநிலை வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பின் எச்-41 விதிப்படி, கடைசிப் படி நீர்மட்டத்துக்கு 22 அங்குலமாவது, அதாவது 56 செ.மீ. அளவுக்காவது கீழே இருக்க வேண்டும். அதுவே குறைந்தபட்சம்தான், இடுப்புக்குச் சற்று மேலே வருகிற உயரம். 75, 80 செ.மீ. கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஏணியின் மொத்த நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். படகைத் தண்ணீரில் விட்டு, எஞ்சின், எரிபொருள் எல்லாம் ஏற்றிய நிலையில், ஏணி பொருத்தப்போகும் இடத்திலிருந்து நீர்மட்டம் வரை அளந்து, அதோடு நீங்கள் விரும்பும் ஆழத்தைக் கூட்டுங்கள். அந்த நீளத்துக்குக் கடையில் இருப்பவற்றில் பாதி கழிந்துவிடும்.

அடுத்தது, தண்ணீரில் கிடப்பவரே அதை இறக்க முடிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு உல்லாசப் படகுச் சட்டம் இதை நேராகவே கேட்கிறது: திரும்ப ஏறும் வசதி, யாருடைய உதவியும் இல்லாமல் நீரில் இருப்பவருக்கு எட்ட வேண்டும், அல்லது அவரே அதை விரித்துக்கொள்ள முடிய வேண்டும். உங்களுடையது தொழில் படகாக இருந்தாலும், எங்கே ஓடினாலும், இந்த அளவுகோல் சரியானது. இங்கேதான் நல்ல ஏணிகளே தோற்கின்றன. மடக்கிய ஏணி படகு குதிக்கும்போது ஆடாமலிருக்க ஒரு கொக்கியோ பட்டையோ போட்டிருப்பார்கள். அதை மேலிருந்து அவிழ்ப்பது எளிது. கீழிருந்து, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விறைத்த விரல்களால் அவிழ்ப்பது வேறு கதை. குளிர்ந்த நீரில் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் கை, விரல்களின் பலம் போய்விடும் என்பது உடலியல் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கு: மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம், உருப்படியாக அசைய பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். பட்டையின் நுனியை ஒரு சாண் நீளம் தொங்கவிட்டு, அதில் பெரிய முடிச்சு போடுங்கள். முடிச்சைப் பிடித்து இழுத்தால் பட்டை கழன்று ஏணி விழ வேண்டும், அவ்வளவுதான்.

இனி நூலேணி. கூடவே ஒருவர் படகில் இருந்து, படகின் பக்கமும் செங்குத்தாக இருந்தால் அது உதவும். ஆனால் பெரும்பாலான சிறிய படகுகளின் பக்கவாட்டு, கீழே போகப்போக உள்நோக்கி வளைகிறது. படியில் கால் வைத்து அழுத்தியதும் அந்தப் படி படகுக்கு அடியில் நழுவிப் போகும். கால்கள் முன்னே, உடம்பு பின்னே, முகம் வானத்தைப் பார்க்க, நீங்கள் கைகளில் தொங்கிக்கொண்டிருப்பீர்கள். அந்த நிலையிலிருந்து நெஞ்சு தண்ணீரை விட்டு மேலே வந்ததும், அதுவரை நீர் தாங்கிய எடை முழுவதும், துணியில் கோத்த தண்ணீரோடு சேர்ந்து, உங்கள் மேல் இறங்கும். நூலேணிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால், தட்டையான கெட்டிப் படிகள், கடைசிப் படியில் எடை, படகிலிருந்து ஏணியைத் தள்ளி நிறுத்தும் கட்டைகள் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கயிற்றுப்படி மட்டும் உள்ளதைத் தொடவே தொடாதீர்கள்.

விளிம்பில் மாட்டும் கொக்கி ஏணியும் இருக்கிறது. அலையில் தூக்கிப் போட்டால் கழன்றுவிடும், அதனால் கட்டித்தான் வைக்க வேண்டும். தனியாக விழுந்தவருக்குப் பயனில்லை.

பின்பக்கமா, பக்கவாட்டா? குறுகலான சிறிய படகில் பக்கவாட்டாக ஏறினால் படகு உங்கள் பக்கம் சாயும், உள்ளே இருப்பவர் எதிர்ப்பக்கம் நகராவிட்டால் தண்ணீரும் ஏறும். பின்பக்கம் அந்த விதத்தில் நிலையானது. ஆனால் அதிலும் இரண்டு சிக்கல் உண்டு. அலை பெரிதாக இருந்தால் படகின் பின்பகுதி தூக்கித் தூக்கி அடிக்கும், அந்த நேரத்தில் நேரே அடியில் போகாமல் சற்று ஒதுங்கி, அது இறங்கும் வேளையில் ஏணியைப் பிடிக்க வேண்டும். இன்னொன்று ப்ரொப்பெல்லர். நியூட்ரலில் வைத்தேன் என்பது போதாது, நியூட்ரலிலும் அது மெல்லச் சுற்றக்கூடும். எஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். தனியாகப் போகும்போது கில் ஸ்விட்ச் கயிறு, அதாவது நீங்கள் விழுந்தால் இழுபட்டு எஞ்சினை அணைத்துவிடும் கயிறு, உடம்பில் மாட்டியிருக்கட்டும். ஓடுகிற படகு உங்களை விட்டுப் போய்விட்டால் எந்த ஏணியும் எதற்கும் ஆகாது. அணைத்த படகுகூடக் காற்றில் நீந்துகிறவரை விட வேகமாக நகர்ந்துவிடும். ஆகவே எஞ்சின் ஓடாமல் மீன் பிடிக்கும் நேரத்தில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு ஒன்றைப் பின்னால் நீளமாக விட்டு வைப்பேன். ஓட்டத் தொடங்கும் முன் மறக்காமல் சுருட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அது ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும்.

எஞ்சின் இருக்கும்போது பின்பக்கம் இடமில்லையே என்பீர்கள். ஏணி நடுவில் இருக்கத் தேவையில்லை. ஒரு ஓரமாக, எஞ்சின் திரும்பினாலும் இடிக்காத தூரத்தில் போதும். வலையோ தூண்டிலோ எந்தப் பக்கம் இழுக்கிறீர்களோ அதற்கு எதிர் ஓரம் பாருங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு போல்ட் தலையும் வலையைப் பிடித்து இழுக்கும்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் ஏணி இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் மணலும் உப்பும் புகுந்தால் இறங்காமல் சிக்கும். நல்ல தண்ணீரில் அலசும் பழக்கம் இருந்தால் வாங்கலாம். கடலுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 304 உப்பில் சீக்கிரம் கறை பிடிக்கும். படி உருண்டைக் குழாயாக இருக்கக் கூடாது. வெறுங்காலில் முழு எடையோடு அதில் நின்றால் பாதம் எப்படி வலிக்கும் என்பது நின்றவருக்குத்தான் தெரியும். அகலமான, சொரசொரப்பான படி வேண்டும். கடைசியாகக் காலை உள்ளே வைக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் படகின் மேல் தனியாகப் பொருத்துங்கள். ஏணி முடிகிற இடத்தில் கைக்கு எதுவும் கிடைக்காமல் திரும்ப நீரில் விழுவது சாதாரணம்.

பொருத்தும்போது திருகாணி கூடாது. குறுக்கே துளைத்து, உள்ளே பின்தகடு வைத்து, நட்டு போட்டு முறுக்குங்கள். உங்கள் படகின் பின்சுவருக்குள் பலகை இருந்தால், துளையின் ஓரங்களை எபாக்ஸி பிசின் பூசி அடைத்த பிறகே போல்ட் போடுங்கள், மேலே நீர் புகாமல் அடைக்கும் கடல் சீலன்ட் பூசுங்கள். தண்ணீர் ஊறினால் பலகை உள்ளேயே உளுத்துப் போகும், வெளியே ஒன்றும் தெரியாது.

எல்லாம் முடிந்ததும், அலையில்லாத ஆழமற்ற நீரில், முழு உடையும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டு ஏறிப் பாருங்கள். உங்களோடு வருபவரும் ஏறட்டும், எடையும் உயரமும் ஆளுக்கு ஆள் மாறும். மயங்கியவருக்கு ஏணி உதவாது, அவரைத் தூக்க அக்குளுக்கடியில் போடும் அகலமான பட்டை ஒன்று தனியாக வேண்டும். இவற்றோடு ஒரு கால்வளையமும் வைத்துக்கொள்ளுங்கள்: விளிம்பில் கட்டிய கயிறு, நுனியில் வளையம், பாதம் பதியும் இடத்தில் அது மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு சாண் ரப்பர் குழாய். நூலேணியைப் போல இதுவும் காலைப் படகுக்கு அடியில் இழுக்கத்தான் செய்யும், ஆனால் ஏணி சிக்கிக்கொண்டால் கைக்கு வேறொன்று இருக்கும்.