நியூ மெக்சிகோவில் ஸ்பானியம் பேசும் சிறிய பாலைவன ஊரில் தங்கிப் படிக்கலாமா?

தாராளமாகப் படிக்கலாம். "அமெரிக்கா என்று சொல்லிவிட்டுப் பாலைவனத்துக்கா போகிறாய்?" என்று உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். அந்த மாநிலத்தின் லாஸ் குரூசஸ் நகரில் படித்த இரண்டு ஆண்டுகளும் நான் அதை ஒட்டிய மெசியாவில்தான் (Mesilla) குடியிருந்தேன். சுமார் இரண்டாயிரம் பேர் வாழும் ஊர். எழுத்தைப் பார்த்து ‘மெசில்லா’ என்று சொல்லிவிடாதீர்கள். முதல் நாளே சொல்லி, கடைக்காரரிடம் திருத்தம் வாங்கிக்கொண்டவன் நான்.

அதைவிடப் பெரிய அசட்டுத்தனமும் செய்தேன். செப்டம்பரில் எதிர்வீட்டுப் பாட்டி ஒரு மூட்டை பச்சை மிளகாய் வாங்கி வந்தார். அங்கே கடை வாசலிலேயே கம்பிவலை உருளையில் கொட்டி, நெருப்பு சீறச் சீறச் சுழற்றிச் சுட்டுத் தருவார்கள். கருகிய தோலை உரித்துப் பை பையாகக் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த அறுவடை வரை கவலையில்லை. நானும் உட்கார்ந்து உரித்தேன். (குண்டூர் மிளகாய் தின்றவன் என்ற திமிரில் கையுறை போடவில்லை. இரவு முழுக்க விரல்கள் எரிந்தன.) பேச்சுவாக்கில், "உங்கள் குடும்பம் மெக்சிகோவிலிருந்து எப்போது வந்தது?" என்று கேட்டுவிட்டேன்.

பாட்டி தலை நிமிரவில்லை. "மிஹோ, நாங்கள் அமெரிக்கா வேண்டாம் என்றுதான் இங்கே வந்தோம். அது பின்னாலேயே வந்துவிட்டது." மிஹோ என்றால் மகனே. அந்தச் சொல் இல்லாவிட்டால் எழுந்து போயிருப்பேன்.

அவர் சொன்னது உண்மை. 1848-ல் அமெரிக்காவுடனான போரில் தோற்ற மெக்சிகோ பெரும் நிலப்பரப்பை இழந்தபோது, மெக்சிகோ குடிமக்களாகவே இருக்க விரும்பிய பலர் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து வந்து குடியேறிய ஊர் இது. 1853 டிசம்பரில் கையெழுத்தான காட்ஸ்டன் ஒப்பந்தத்தில், ஒரு கோடி டாலருக்கு இந்தக் கரையும் அமெரிக்காவுக்குக் கைமாறியது. மறு நவம்பரில் ஊர்ச் சதுக்கத்தில் அமெரிக்கக் கொடி ஏறியது. போதாததற்கு, 1860-களில் அவர்கள் கடந்து வந்த ஆறே தடம் மாறி ஊருக்கு மேற்கே போய்விட்டது. 1881-ல் ரயிலும் லாஸ் குரூசஸுக்குப் போனது. அதே ஆண்டு பில்லி தி கிட் என்ற கொலைகாரனுக்கு இங்கே தூக்குத் தண்டனை விதித்தார்கள். தண்டனை விதித்த நீதிமன்றக் கட்டடத்தில் இப்போது பரிசுப்பொருள் கடை. சுற்றுலாப் பயணிகள் அவனைத்தான் விசாரிக்கிறார்கள், பாட்டியின் குடும்பத்தை அல்ல.

‘நேற்று எல்லை தாண்டியவர்களும் அங்கே உண்டே’ என்று எழுத வருவீர்கள். உண்டு, மறுக்கவில்லை. நான் வரலாறு படித்தவனும் அல்ல. எல்லோரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஸ்பானியம் தெரியாமலே காலம் தள்ளலாம். வீட்டுக்காரர்தான் முக்கியம். என்னுடையவர், மழையே அபூர்வமான ஊரில் சுவரில் ஈரக்கறை என்று முன்பணத்தில் நானூறு டாலரைப் பிடித்துக்கொண்டார். கூரைமேலிருந்த அவருடைய ஏர்கூலர் ஒழுகியதற்கு நான் என்ன செய்வேன்? குடிபுகும் அன்றே மேலே ஏறிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.