சான்றிதழில் மாரடைப்பு என்று இருந்தாலும் கொரோனா நிவாரணம் உண்டு

அப்பாவின் இறப்புக்கான கொரோனா நிவாரண மனுவை நிராகரித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று இருப்பதை மட்டும் காட்டி, உங்கள் அப்பாவுக்கான 50,000 ரூபாயை மறுக்க முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. உங்கள் மனுவைப் பார்த்தவர் அந்த ஒரு வரியைத் தாண்டிப் படித்திருக்க மாட்டார்.

1. தொற்று உறுதியான தேதியைத் தேடி எடுங்கள். அதிலிருந்து 30 நாளுக்குள் இறந்திருந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கொரோனா இறப்பாகக் கணக்கில் வரும். என் சித்தப்பாவின் ஆய்வகத் தாள் தொலைந்துபோனது. கீறல் விழுந்த அவருடைய பழைய கைபேசியில் கிடந்த குறுஞ்செய்திதான் கைகொடுத்தது.

2. அந்த ஆதாரத்தை மனுவோடு இணைத்து, இத்தகைய மறுப்புகளை விசாரிக்கும் மாவட்டக் குறைதீர்ப்புக் குழுவிடம் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஒன்றில் கவனம். 2022 மார்ச் 20-க்கு முந்தைய இறப்புகளுக்கு மனுக்கெடு அந்த ஆண்டு மார்ச் 24-லிருந்து 60 நாளாகத்தான் இருந்தது; அது 2022 மே மாதமே முடிந்துவிட்டது. முதல் மனுவின் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முதல் மனுவே கெடு தாண்டிக் கொடுத்ததாக இருந்தால் தாமதத்துக்கான காரணத்தைக் குழுவிடம் விளக்க வேண்டும். அவர்கள் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம்.

"அரசுக்கு நாங்கள் வெறும் எண்ணா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையால் யாரும் இறந்ததாக மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்று 2021 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன அன்று எனக்கும் அதே கேள்விதான். இரவெல்லாம் தூங்கவில்லை.