காலேஜும் வேண்டும், காலை பேட்ச்சும் வேண்டும்

கேள்வி: அக்கா, மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் கபடி ஆடியவள். பெண்களுக்கான ஃபிட்னஸ் டிரெய்னர் ஆக வேண்டும் என்று ஆசை. படிப்பை விட எனக்கும் மனசில்லை, அப்பாவும் விடமாட்டார். படித்துக்கொண்டே ஆக முடியுமா? எந்த சர்டிஃபிகேட் வாங்க வேண்டும்? புதுமைப்பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயைச் சேர்த்து வைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். முடியும். கும்பகோணத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும்போதுதான் நானும் டிரெய்னர் ஆனேன். ஆனால் நீ கேட்டிருக்கிற வரிசை தலைகீழ். சர்டிஃபிகேட் கடைசியில் வரட்டும்.

என் கதையைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். மூன்றாவது மாதமே உரிமையாளர் கூப்பிட்டு, "லேடீஸ் டைமை நீ பாத்துக்கம்மா" என்றார். எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. பொம்பளைப் பிள்ளை, பொம்பளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும், அவ்வளவுதான் அவர் கணக்கு. மாதம் 3,000 ரூபாய் பேச்சு. இரண்டு மாதம் வந்தது, மீதி இன்னும் வரவில்லை. அதை விடு. அங்கே நடந்த வேறொன்றைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. பேட்ச்சில் நாற்பது வயது தாண்டிய ஒரு அத்தை. செல்போனில் பார்த்துவைத்த குதித்து எழும் ஸ்குவாட்டை எல்லோருக்கும் இருபது இருபதாகப் போடச் சொன்னேன். பதினான்காவதில் அத்தை சுவரைப் பிடித்தார், அப்படியே சரிந்தார். முகம் வெளுத்துவிட்டது. தண்ணீர் தெளித்து, காலைத் தூக்கிவைத்து, ஒருவழியாகக் கண் திறந்தார். வெள்ளிக்கிழமை விரதமாம். முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை, 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. அந்த உடம்பைத்தான் நான் குதிக்க வைத்திருந்தேன்.

அத்தை விதிவிலக்கு என்று நினைக்காதே. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். உன் பேட்ச்சில் பத்துப் பேர் நின்றால் ஐந்து பேரையாவது அப்படி நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

பெரிய ஜிம்களில் சேரும்போதே ஒரு படிவம் கொடுப்பார்கள். நெஞ்சுவலி உண்டா, மயக்கம் வருமா, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்கும். கொடு, தப்பில்லை. ஆனால் நம் ஊரில் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் போட்டுவிட்டு, மூன்றாவது வாரம் பாயைச் சுருட்டும்போது மெதுவாக வருவார்கள். "ஏம்மா, எனக்குக் கர்ப்பப்பை எடுத்திருக்கு, பரவால்லதானே?" அதனால் முதல் நாள் உடற்பயிற்சியே வேண்டாம். தனியாக உட்காரவைத்துப் பேசு. இன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், பிரசவம் சுகமா சிசேரியனா, எத்தனை மாதமாகிறது, இருமினால் சிறுநீர் கசிகிறதா, தீட்டு எத்தனை நாள் போகிறது என்று கேள். இதையெல்லாம் ஆண் டிரெய்னரிடம் சொல்லமாட்டார்கள். உன்னிடம் சொல்வார்கள். பெண் டிரெய்னர் தேவைப்படுவதே இதற்குத்தான். கேட்கத் தெரியாவிட்டால் நீ இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அப்புறம் சொல்லிக்கொடுக்கும் வித்தை. தரையில் இருக்கிற எடையைக் குனிந்து தூக்கும் பயிற்சியை டெட்லிஃப்ட் என்று சொன்னால் யாருக்கும் புரியாது. "ரெண்டு கையிலயும் குடம் இருக்கு, பின்னாடி கொல்லைக் கதவு. இடுப்பாலேயே தள்ளித் திறங்க" என்று சொல்லிப் பார். முதுகு வளையாமல் இடுப்பு பின்னால் போகும், எடை குதிகாலில் இறங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. நடவு வேலைக்குப் போகிற ஒரு அக்காதான் கண்டுபிடிக்க வைத்தார். நாள் முழுக்க முதுகை வளைத்தே குனிந்து பழகியவர், எத்தனை தடவை செய்து காட்டினாலும் வளைத்தே குனிந்தார். கதவைச் சொன்னதும் சிரித்துவிட்டுச் சரியாகச் செய்தார்.

நேரத்துக்கு வருவோம். நான் காலை 5.30 முதல் 6.30 வரை பேட்ச் எடுத்துவிட்டு, குளித்து, 9.30-க்கு வகுப்பில் இருப்பேன். 75 சதவீத வருகைப்பதிவில் மட்டும் கை வைக்காதே. கட்டணம் கட்டியும் பரீட்சை எழுத முடியாமல் நின்ற தோழியைப் பார்த்திருக்கிறேன். பரீட்சை வரும் மாதங்களில் பேட்ச் வாரம் மூன்று நாள்தான் என்று சேரும்போதே சொல்லிவிடு. எப்படியும் மார்கழியில் கோலமும் திருப்பாவையும் பாதிப் பேரை இழுத்துக்கொள்ளும். நான் தனியாக ஆரம்பித்தது ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். ஏழு பெண்கள், ஆளுக்கு 300 ரூபாய். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது, சாம்பார் வாசனை மட்டும் மறுநாளும் இருக்கும்.

உங்கள் ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிற பெண்களிடம் போய்க் கேட்டால், "நான்தான் தினமும் நடக்கிறேனே, போதாதா?" என்பார்கள். நல்லதுதான். வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் அதே பரிந்துரையில், வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியை நம் அம்மாக்களிடம் யாரும் சொன்னதில்லை. உனக்கு வேலை இருப்பது அங்கேதான்.

சரி, சர்டிஃபிகேட். டாக்டர், வக்கீல் மாதிரி இந்தத் தொழிலுக்குப் பதிவு மன்றம் கிடையாது. அதனால்தான் வாரக் கடைசியில் இரண்டு நாள் நடத்திவிட்டு கோல்டு சீல் ஒட்டிக் கொடுப்பவர்கள் பிழைக்கிறார்கள். உன் ஆயிரம் ரூபாய்களை அங்கே கொண்டுபோய்க் கொட்டாதே. ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். என்ற அமெரிக்கச் சான்றிதழ்களுக்கு உலகம் முழுக்க மதிப்பு உண்டு. 18 வயது முடிந்திருக்க வேண்டும், சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சிச் சான்று வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் டாலரில், நம் கணக்கில் பல்லாயிரம். நம் நாட்டிலேயே தேசியத் திறன் தகுதி முறையில் ஃபிட்னஸ் டிரெய்னர் படிப்பு இருக்கிறது, அதையும் விசாரி. எதுவானாலும் மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். சி.பி.ஆரை மட்டும் இந்த விடுமுறையிலேயே கற்றுக்கொள். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். கேட்க எளிது, இரண்டு நிமிடம் செய்து பார், கை விட்டுப்போகும். அத்தை சரிந்த அன்று எனக்கு அது தெரியாது. தேவைப்படாதது அவர் புண்ணியம்.

அதுவரை, நன்றாகத் தெரிந்த ஒரு டிரெய்னருக்குக் கீழே ஆறு மாதம் பாய் விரித்து, டம்பெல் அடுக்கி, மற்றவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பார். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு டயட் எழுதிக் கொடுக்காதே, அது நம் வேலை இல்லை. புரோட்டீன் டப்பா விற்றால் கமிஷன் என்று யாராவது வருவார்கள். ஒரு டப்பா விற்றாய் என்றால் அப்புறம் நீ எது சொன்னாலும் விற்கத்தான் சொல்கிறாய் என்று நினைப்பார்கள். பி.காமை முடி. பின்னால் சொந்தமாக இடம் பிடிக்கும்போது வாடகைக்கும் வரவுக்கும் கணக்குப் போட ஆள் தேட வேண்டாம், நான் தேடினேன்.

கேள்வி: என் மகள் வீட்டிலேயே டம்பெல் தூக்குகிறாள். கை ஆம்பளைக் கை மாதிரி ஆகிவிடுமோ, நாளைக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. — ஒரு தாய், பாபநாசம்

பதில்: ஆகாதும்மா. ஆண்களுக்கு அப்படித் திரள்வதற்குக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு பெண்களுக்கு மிகக் குறைவு. கர்ப்பப்பை பயமும் வேண்டாம். முறையாக, கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டினால் ஆரோக்கியமான பெண்ணுக்கு அதனால் இறங்காது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கிய கர்ணம் மல்லேஸ்வரி அப்போது கல்யாணம் ஆனவர், அடுத்த வருஷமே ஒரு பிள்ளைக்குத் தாய். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் சின்ன வயதில் ஆற்றிலிருந்து பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்திருப்பீர்கள். தண்ணீரே பன்னிரண்டு, பதிமூன்று கிலோ இருக்கும், அதுவும் ஒரே இடுப்பில். உங்கள் மகள் கையில் இருப்பது எத்தனை கிலோ?

கேள்வி: மாதவிடாய் நாட்களில் பேட்ச்சுக்கு வரலாமா? — கல்லூரி மாணவி, சீர்காழி

பதில்: முடிந்தால் வா, வலித்தால் படு. வந்தால் சும்மா நடந்துவிட்டுப் போனாலும் சரி. கட்டணத்தில் அந்த நாட்களைக் கழிக்கக் கேட்காதே, அது மட்டும் நடக்காது.